ஏறிய நிறம், ஏற்றிய நிறம்

எங்கள் பக்கத்தில் வெள்ளிச் சாமான் கறுத்துப்போனால் விபூதி போட்டுத் தேய்ப்பார்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி. பழனிக்குப் போய்வந்தவர்கள் கொண்டுவரும் விபூதிப் பொட்டலத்தில் பாதி நெற்றிக்கும் பாதி குங்குமச் சிமிழுக்கும் செலவாகும் வீடுகளை எனக்குத் தெரியும். பூஜையறையில் லட்சுமி என்று வைத்துக் கும்பிடும் விக்டோரியா ராணி ரூபாயும் இந்தத் தேய்ப்புக்குத் தப்பாது. மூன்று தலைமுறை தேய்த்த ரூபாயில் ராணிக்கு மூக்கும் இருக்காது, கிரீடத்தில் பூவேலையும் இருக்காது. ஆனால் பளபளவென்று இருக்கும். வீட்டுக்காரர்களுக்கு அது போதும்.

அதே ரூபாயை நாணயம் சேகரிக்கும் ஒருவரிடம் காட்டிப் பாருங்கள். "அடடா, தேய்ச்சுட்டாங்களே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த உலகத்தின் முதல் விதி, காசைத் தேய்க்காதே என்பது. கறுத்திருந்தால் கறுத்தபடி இருக்கட்டும். அந்தக் கறுப்பு நிறம் நிறமாக ஏறியிருந்தால், விளிம்பில் நீலம், அதற்குள் ஊதா, நடுவில் தேன் நிறம் என்று, விலை பல மடங்கு கூடும். இதை டோனிங் என்கிறார்கள்.

சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. நெல்லோடு உமி போல, செம்போடு களிம்பு போல, உயிரோடு அது தொன்றுதொட்டே ஒட்டியிருக்கிறது என்பார்கள். குளிகை பட்டால் களிம்பு போய்ச் செம்பு பொன்னாகும், அருள் பட்டால் மலம் போகும். இந்த உவமைக்குள் வளர்ந்த நமக்கு உலோகத்தின் மேல் படிவது அழுக்கு, போக்கவேண்டியது. சேகரிப்பாளருக்கோ அதுதான் காசின் வயது, அதன் சாட்சி. அந்தப் பார்வை நமக்கு வெளியிலிருந்து வந்தது. வந்தது தப்பென்று சொல்லவில்லை. ஆனால் களிம்புக்கு விலை என்று ஒன்று வந்தவுடன், களிம்பைச் சமைக்கவும் ஆள் வந்துவிடுவார்கள் அல்லவா?

நிறம் ஏறிய காசு, நிறம் ஏற்றிய காசு. தமிழில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நடப்பது என்ன என்று பார்த்துவிடலாம். காற்றில் எப்போதும் கொஞ்சம் கந்தகச் சேர்மங்கள் இருக்கும், முக்கியமாக ஹைட்ரஜன் சல்பைடு. அது வெள்ளியில் பட்டால் வெள்ளி சல்பைடு என்ற படலம் உண்டாகிறது. ஈரம் இருந்தால் வேகமாக உண்டாகும். படலம் தடித்தால் வெறும் கறுப்பு. மெல்லியதாக, ஒரு மில்லிமீட்டரைப் பல்லாயிரம் கூறு போட்டதில் ஒரு கூறாக இருக்கும்போதுதான் வேடிக்கை. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், உள்ளே போய் வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களை அழிக்கின்றன, சிலவற்றைத் தூக்கிக் காட்டுகின்றன. மழை பெய்த ரோட்டில் பெட்ரோல் சிந்தினால் தெரியும் வானவில்லும் சோப்புக் குமிழியின் நிறமும் இதே கணக்குத்தான். காசில் சாயம் எதுவும் கிடையாது. படலத்தின் தடிமன்தான் நிறம். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு செம்பு, ஊதா, பிறகு நீலம், வெளிறிய நீலப்பச்சை, மறுபடி மஞ்சள். இந்த வரிசை மாறாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கொடைக்கானலில் இதைச் செய்து பார்க்கத் தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஏழாயிரம் அடி உயரம், வருடத்தில் பாதி நாள் மஞ்சு வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். துவைத்த துணி காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடும், தீப்பெட்டி நமுத்துப்போகும். இந்த ஈரத்தோடு எங்களுக்கென்று ஒரு கந்தகச் சுரங்கமும் உண்டு. அதுதான் மலைப்பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. பூம்பாறைப் பக்கம் போனால் வாசமே வழி சொல்லும். பூண்டை நசுக்கினால் கிளம்பும் வாசம் முழுக்கக் கந்தகச் சேர்மங்களின் வாசம். பூண்டு மூட்டையோடு ஒரே அறையில் வெள்ளி டம்ளர் வைத்திருந்த வீட்டில் அந்த டம்ளரை ஒரு வருடம் கழித்துப் பார்த்திருக்கிறேன். அடுப்புக்கரி தோற்றுப்போகும்.

ஐந்து ரூபாய்க் காசுகள் எடுத்துக்கொண்டேன். எல்லாம் ஐந்தாம் ஜார்ஜ் காலத்தவை, 1912-க்கும் 1919-க்கும் இடைப்பட்டவை, ஏராளமாகக் கிடைப்பவை, அரிய வருடம் எதுவும் இல்லை. 11.66 கிராம் எடை, அதில் 91.7 சதவீதம் வெள்ளி, மிச்சம் செம்பு. கைரேகை எண்ணெய் இருந்தால் படலம் திட்டுத்திட்டாக ஏறும் என்பதால் அசிட்டோனில் கழுவினேன். விளிம்பை மட்டும் பிடித்து எடுத்தேன்.

முதல் காசுக்கு அவித்த முட்டை. இங்கே தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், முட்டை வேக நேரம் பிடிக்கும். சூட்டோடு தோல் உரித்து இரண்டாக அரிந்து, காற்றுப் போகாத டப்பாவில் ஒரு மூலையில் முட்டை, மறு மூலையில் காசு. ஒரு மணி நேரத்தில் மஞ்சள் பூத்தது. சாயங்காலம் விளிம்பு செம்பு நிறம். மறுநாள் காலை விளிம்பில் நீலம், உள்ளே ஊதா, ராஜாவின் கன்னத்தில் தேன் நிறம். சொன்னால் நம்புங்கள், அழகாக இருந்தது. மூன்றாம் நாள் வரை விட்டிருந்தால் வெறும் ஈயக்கறுப்பாகப் போயிருக்கும்.

இரண்டாவது காசுக்கு நசுக்கிய மலைப்பூண்டு. அது மெதுவாக வேலை செய்தது, நான்கு நாள் பிடித்தது, ஆனால் நிறம் முட்டையைவிட மென்மையாக ஏறியது. மூன்றாவதைக் காக்கி உறைக்குள் போட்டு அடுப்படிப் பரணில் வைத்தேன். ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்து மெல்லிய பழுப்பு நிறம் வந்தது. நான்காவது மர அலமாரிக்குள், ஐந்தாவது ஜன்னல் ஓரத்தில் சும்மா. ஐந்தாவதிலும் நிறம் ஏறியதுதான் விசேஷம். பதினெட்டு மாதத்தில் விளிம்பில் ஒரு நூல் அகலத்துக்கு மஞ்சள். பக்கத்து வீட்டில் பூண்டு காயப்போட்டிருந்தார்கள்.

ஐந்தாவதை நான் நிறம் ஏற்றினேனா, அது தானாக ஏறியதா? ஜன்னல் ஓரத்தில் வைத்தது நான். பூண்டு காயப்போட்டது பக்கத்து வீடு. கந்தகம் யாரைக் கேட்டும் வரவில்லை.

(சின்ன வயதில் பாதரசத்தைச் செம்புக் காசில் தேய்த்து வெள்ளியாக்கி விளையாடியவர்கள் என் வயதில் பலர் உண்டு. அதை மட்டும் இங்கே யாரும் வேடிக்கையாகச் சொல்வதில்லை. 2001-இல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கிடங்கில் உடைந்த வெப்பமானிகளோடு பாதரசம் கிடந்ததும், அந்த வருடமே வெப்பமானி ஆலை மூடப்பட்டதும் இந்த ஊருக்கு இன்னும் பழைய செய்தி ஆகவில்லை.)

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தலையில் தூக்கிக் கொண்டாடும் மார்கன் வெள்ளி டாலர்களின் கதையைப் பாருங்கள். அரசாங்கக் கருவூலத்தில் துணிப் பைகளில் பல பத்தாண்டுகள் கிடந்ததால் நிறம் ஏறியவை அவை. பைத் துணி கந்தகத்தைத் தந்தது. இன்னும் சில காசுகள் பழைய அட்டை ஆல்பங்களில் இருந்து, அட்டையிலிருந்த கந்தகத்தால் வளையம் வளையமாக நிறம் பெற்றவை. பை மனிதர் தைத்தது, அட்டை மனிதர் செய்தது. ஆக இயற்கையான நிறம் என்று சொல்வதில் இயற்கை எங்கே இருக்கிறது? மனிதக் கை படாத நிறம் என்று அர்த்தமில்லை. மனித ஆசை படாத நிறம் என்றுதான் அர்த்தம். பையில் போட்டவர் நிறத்துக்காகப் போடவில்லை, அவ்வளவுதான். ஒரு வேதிவினையின் தரம் பக்கத்தில் நின்றவரின் மனதைப் பொறுத்தது என்றால், பள்ளியில் வேதியியல் நடத்திய எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் சிரித்துவிட்டுப் போகவும் முடியவில்லை.

1986-87-இல் அமெரிக்காவில் பிசிஜிஎஸ், என்ஜிசி என்று இரண்டு நிறுவனங்கள் தொடங்கின. காசைப் பார்த்துத் தரம் சொல்லி, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடித் தருவார்கள். நிறம் சமைத்தது என்று பட்டால் தரம் போடாமல், கேள்விக்குரிய நிறம் என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நான் மேலே சொன்ன வரிசைதான். மஞ்சளும் ஊதாவும் இல்லாமல் திடீரென்று நீலம் குதித்தால் சந்தேகம். எழுத்துகளின் ஓரத்தில், காற்று குறைவாகப் படும் இடத்தில் நிறம் இளகியிருக்க வேண்டும். அப்படி இல்லாமல் மேடு பள்ளம் பார்க்காமல் ஒரே பூச்சாக இருந்தால் சந்தேகம். அவசரப்பட்டுச் சுட்ட காசு இதில் மாட்டிக்கொள்ளும். பொறுமையாகச் சமைத்தது மாட்டாது. அதனால் அந்த வட்டாரத்தில் ஒரு சொல் புழங்குகிறது. சந்தை ஏற்றுக்கொள்ளும் நிறம் என்பார்கள். அது உண்மையா பொய்யா என்று சொல்வதில்லை, சந்தை ஏற்குமா ஏற்காதா என்று மட்டும் சொல்கிறார்கள். எனக்கு இந்த நேர்மை பிடித்திருக்கிறது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை. ஆனால் உண்மை இருந்த நாற்காலியில் சந்தையை உட்கார வைத்துவிட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1860-ஆம் வருட இந்திய தண்டனைச் சட்டத்தில், 2024 ஜூலையில் புதிய சட்டம் வரும்வரை, காசுகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. அதில் 230-ஆம் பிரிவில் எடுத்துக்காட்டுகள் தந்திருப்பார்கள். சோழி காசு அல்ல. பதக்கம் காசு அல்ல. பருக்காபாத் ரூபாய் இப்போது புழக்கத்தில் இல்லாவிட்டாலும் இந்தியக் காசுதான். ஒருமுறை காசானது செத்த பிறகும் காசு. 249-ஆம் பிரிவு, இந்தியக் காசு ஒன்றின் தோற்றத்தை மாற்றி வேறு வகைக் காசாகச் செலவாகட்டும் என்ற எண்ணத்தோடு செய்வது குற்றம் என்றது. எண்ணம் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆனால் நீலம் ஏறிய ஜார்ஜ் ரூபாய் வேறு வகைக் காசு ஆகிவிடவில்லை. அதே ரூபாய், அதே வருடம். அது சொல்லும் பொய் வகையைப் பற்றியது அல்ல, அது எங்கே எப்படி வாழ்ந்தது என்பதைப் பற்றியது. சட்டம் எழுதியவர்களுக்கு அப்படி ஒரு பொய் வரும் என்று தோன்றவே இல்லை.

பொய் என்று வந்தால் அரசாங்கமும் காசில் பொய் சொல்லியிருக்கிறது. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாயை 1874 வரை அதே வருடத்தோடு அடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த வருடம் அடித்தது என்பதற்குச் சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும் அடையாளம். 1870-இல் அந்த ரூபாயை வாங்கி அரிசி வாங்கிய ஒருவரும் ஏமாறவில்லை. அவர் வருடத்துக்கு விலை கொடுக்கவில்லை, வெள்ளிக்குக் கொடுத்தார். பொய்யாவது எழுதியிருப்பது மட்டும் அல்ல. எதிராளி எதை நம்பிக் காசை எடுத்து வைக்கிறாரோ, அதைத் தொடும்போதுதான் அது பொய்யாகிறது.

இதெல்லாம் என் வீட்டு மேஜையில் இருந்தவரை வெறும் யோசனை. ஏரிச் சாலைப் பக்கம் எனக்குத் தம்பி மாதிரி ஒருவன் கடை வைத்திருக்கிறான். தைலம், சாக்லேட், அதோடு ஒரு கண்ணாடிப் பெட்டியில் பழைய பித்தளை, கடிகாரம், காசு. என் முட்டை ரூபாயைப் பார்த்தவன் கீழே வைக்கவே இல்லை.

"அண்ணே, இதே மாதிரி ஒரு நாப்பது போட்டுக் குடுங்கண்ணே. சீசன் வருது."

"வாங்குறவங்க கேட்டா என்னப்பா சொல்லுவ?"

"கேட்டா உள்ளதச் சொல்லிருவேன். பொய் சொல்ல மாட்டேன். கேக்கலைன்னா நான் எதுக்குண்ணே வாயத் தொறக்கணும்? கேரட்டக் கழுவித்தான் விக்கிறோம். கழுவுனேன்னு சொல்லிக்கிட்டா விக்கிறோம்?"

அவனுக்குப் பெண்ணை நர்சிங்கில் சேர்க்க வேண்டியிருந்தது. நாற்பது காசு, ஒவ்வொன்றிலும் வெள்ளி விலைக்கு மேல் ஒரு மடங்கு நின்றால்கூட முதல் தவணைக்கு ஆயிற்று. அவன் கேரட் வாதம் எளிதில் தள்ளக்கூடியது இல்லை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கேரட் வாங்குகிறவர் மண்ணுக்குக் காசு கொடுப்பதில்லை. மண் போனதால் அவருக்கு இழப்பில்லை. நிறமேறிய ரூபாய் வாங்குகிறவர் அதிகப்படியாகக் கொடுப்பது எதற்கு? நிறத்தின் அழகுக்கு மட்டும் என்றால் என் ரூபாயில் குறை ஒன்றும் இல்லை, அதே அழகு. ஆனால் அவர் எண்பது வருடத்துக்குச் சேர்த்துக் கொடுக்கிறார். யாரோ ஒரு பாட்டி பட்டுத்துணியில் முடிந்து வைத்ததற்கு, யாரும் தொடாமல் விட்டதற்கு, நிறம் தற்செயலாக அப்படி அமைந்ததற்கு. அந்த எண்பது வருடம் என் டப்பாவில் இல்லை. அதில் இருந்தது ஒரு ராத்திரியும் ஒரு முட்டையும்.

"வாங்குறவங்க சந்தோசமாத்தானண்ணே போறாங்க, யாருக்கு என்ன நட்டம்?" என்றான். வள்ளுவரே வாய்மைக்கு இலக்கணம் சொல்லும்போது தீங்கில்லாததைத்தானே கேட்டார் என்று நானும் அவனுக்காக ஒருமுறை வாதாடிப் பார்த்தேன். நிற்கவில்லை. தீங்கு இருக்கிறது, அது கடைக்கு வருகிறவரோடு நிற்பதில்லை. நிஜமாகவே பாட்டியின் பெட்டியில் நிறமேறிய ஒரு ரூபாயை நாளைக்கு ஒரு பேத்தி விற்க வருவாள். வியாபாரி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் முட்டையில வேக வச்சுக் கொண்டாறாங்கம்மா" என்பார். அவளிடம் இருக்கும் உண்மைக்கு இனி விலை கிடையாது. சமைத்த காசு ஒவ்வொன்றும் நிஜக் காசின் வாக்கைக் கொஞ்சம் செல்லாததாக்குகிறது. நட்டம் அவளுக்கு. கடையில் நடக்கும் பேரத்தில் அவள் இல்லை, அதனால் அவளை யாரும் எண்ணுவதில்லை.

நெல்சன் குட்மன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1968-இல் எழுதிய நூலில் இதே சிக்கலை ஓவியத்துக்குக் கேட்டார். மூலமும் போலியும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தால் என்ன வித்தியாசம்? இன்று தெரியாவிட்டாலும், இரண்டும் வேறு என்ற அறிவே நான் பார்க்கும் விதத்தை மாற்றுகிறது, நாளைக்குத் தெரியும்படி கண்ணைப் பழக்குகிறது என்றார். ஓவியத்துக்கு இது சரியாக இருக்கலாம். ஓவியனின் கை எங்கோ ஓரிடத்தில் தன்னைக் காட்டிக் கொடுக்கும். கந்தகத்துக்குக் கை கிடையாது. நூறு வருடம் பழகினாலும் என் கண் ஒரு படலத்தின் வயதைப் பார்க்கப்போவதில்லை.

ஒரு ஏற்பாடு செய்தோம். பன்னிரண்டு காசு போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுச் சீட்டு: கொடைக்கானலில் முட்டையும் மலைப்பூண்டும் வைத்து நிறமேற்றியது, வருடம், மாதம். தம்பிக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு அவனே பூண்டுக் கதையைச் சொல்லி விற்க ஆரம்பித்தான். வெளியூர்க்காரர்களுக்கு அந்தக் கதை காசைவிடப் பிடித்தது. பன்னிரண்டும் போயின. விலை அவன் நினைத்ததில் பாதி. ஆனாலும் யாரையும் ஏமாற்றவில்லை, சொல்லித்தான் விற்றோம்.

ஒன்பது மாதம் கழித்துச் சமவெளியில் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். மூன்றாவது மேஜையில் என் ரூபாய் கிடந்தது. 1919, ராஜாவின் கழுத்துக்குக் கீழே குருவிக் கால் மாதிரி ஒரு கீறல், எனக்குத் தெரியாதா? சீட்டு இல்லை. பழைய குடும்பச் சேகரிப்பு, அசல் டோனிங் என்று புதிய அட்டை. விலை வெள்ளியைப் போல ஐந்து மடங்கு.

மேஜைக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். இது நான் என் வீட்டில் நிறமேற்றியது, இன்ன மாதம், இன்ன முறை. அவர் கோபப்படவில்லை. "நான் வாங்கும்போது இப்படித்தான் சார் வந்துச்சு. நீங்க சொல்றதுக்கு ப்ரூஃப் இருக்கா?" என்றார்.

என்ன ப்ரூஃப் காட்டுவது? ஆய்வகத்துக்கு அனுப்பினால் வெள்ளி சல்பைடு என்று வரும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நானே வரிசை பிசகாமல், எழுத்தோரம் இளகும்படி, பொறுமையாகச் செய்தது. என் வேலை நன்றாக இருந்தது, அதனால் என் பேச்சு எடுபடவில்லை.

எண்ணம், சொல், நேர்மை என்று நாம் பேசுவதெல்லாம் ஆளோடு ஒட்டியவை. தம்பி நேர்மையாக விற்றான். வாங்கியவரும் அன்றைக்கு உண்மை தெரிந்துதான் வாங்கினார். இடையில் எங்கோ ஒரு மேஜையில் சீட்டு மட்டும் கழன்று விழுந்தது. வேண்டுமென்று எடுத்தார்களோ, தொலைந்ததோ. காசு நம்மைவிட ஆயுசு கூடியது. நாம் அதற்குச் சொந்தக்காரர் இல்லை, கொஞ்ச நாள் வைத்திருப்பவர், அவ்வளவுதான். நான் சொன்ன உண்மை என்னோடு நின்றுவிட்டது. காசு சொல்லும் பொய் காசோடு போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே நான் உண்மையைச் சொன்னேனா என்ற கேள்வி போதவில்லை. நான் சொல்வதற்கு இல்லாத இடத்தில் இந்தப் பொருள் என்ன சொல்லும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பழனிக்கு மேற்கே சில மைல் தள்ளி இருக்கும் கலையம்புத்தூரில் 1856-இல் 60-க்கும் மேற்பட்ட ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. எங்கள் மலையிலிருந்து இறங்கும் சண்முகநதி அங்கே பக்கத்தில்தான் ஓடி அமராவதியில் சேர்கிறது. அந்த அமராவதி கரூரில் ஆற்றுமணலோடு சங்ககாலக் காசுகளைத் தந்த ஆறு. (மணலும் களிம்பும் கெட்டிப்பட்ட அந்தச் செப்புக் காசுகளில் எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் களிம்பைச் சுரண்டித்தான் ஆகவேண்டும். காசைத் தேய்க்காதே என்பதும் எல்லாக் காசுக்கும் பொருந்தும் வேதம் இல்லை.) தங்கம் கறுக்காது, அதனால் ரோமானியக் காசுகளில் களிம்புப் பேச்சே இல்லை. ஆனால் 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் வேறு ஒன்று இருந்தது. ரோமச் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே ஒரு உளிவெட்டு.

ஏன் வெட்டினார்கள் என்பதற்கு அறிஞர்கள் பல விளக்கம் சொல்கிறார்கள். இனி இது காசாகப் புழங்கக் கூடாது, வெறும் தங்கம் என்று காட்டவே என்பது அவற்றில் ஒன்று. எதுவாக இருந்தாலும் அது காசின் மேல் வேண்டுமென்றே செய்த மாற்றம், என் முட்டையைவிடப் பெரிய மாற்றம். ஆனாலும் அதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை, வரலாறு என்கிறார்கள். பழசாகிவிட்டது என்பதால் மட்டும் அல்ல. அந்த வெட்டு தன்னை மறைக்கவில்லை. சீட்டு தேவையில்லை, சொல்ல ஆள் தேவையில்லை, இரண்டாயிரம் வருடம் கழித்தும் ஒருவர் வெட்டினார் என்று காசே சொல்கிறது. இத்தாலியில் செசாரே பிராந்தி வழிவந்த ஓவியச் சீரமைப்பாளர்களும் இப்படித்தான். அழிந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தூரத்தில் நின்றால் ஓவியம் முழுசாகத் தெரியும், கிட்டே போனால் இது பிற்காலக் கை என்று கோடே சொல்லும்.

நிறமேற்றும் கலை இதற்கு நேர் எதிர். தன்னைக் காட்டாமல் இருப்பதில்தான் அதன் திறமை. இன்றைய பழக்கமும் இல்லை இது. எகிப்தில் கிடைத்து லைடனில் இருக்கும் மூன்றாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் சுவடி முழுக்க, மலிவான உலோகத்தைத் தங்கமாகவும் வெள்ளியாகவும் காட்டும் பக்குவங்கள். ரசவாதம் என்று நாம் போகரையும் சேர்த்து வியந்து பேசும் கலையின் ஒரு கிளை இந்த அடுப்படியில்தான் தொடங்கியது. அதே சுவடியில் உலோகத்தின் தூய்மையைச் சோதிக்கும் முறைகளும் இருக்கின்றன. பக்குவம் எழுதியவர் சோதனையையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கட்டுரையைப் படித்து யாராவது முட்டை அவித்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என்னிடமும் அந்தச் சமாதானம்தான் உண்டு.

கையில் மிச்சமிருந்த காசுகளை என்ன செய்வது? பழையபடி வெள்ளையாக்கலாம். தையோயூரியா கலந்த அமிலக் கரைசலில் சில விநாடி முக்கினால் படலம் போய்விடும். போகும்போது படலமாக மாறியிருந்த வெள்ளியும் சேர்ந்து போகும். ஒவ்வொரு முக்கலுக்கும் காசு கொஞ்சம் மங்கும். அதுவும் ஒரு தேய்ப்புத்தான், விபூதியைவிடச் சுத்தமான தேய்ப்பு. என் பெயரைப் பொறிக்கலாம் என்றால் நூறு வருடக் காசில் ஆணியால் கீறக் கை வரவில்லை.

வழி தம்பியின் கண்ணாடிப் பெட்டியிலேயே இருந்தது. காசுமாலையிலிருந்து கழன்ற ரூபாய்கள், தலையில் காது வைத்துப் பற்றவைத்தவை, ஓட்டை போட்டவை. சேகரிப்பாளர் எவரும் தொடமாட்டார். அந்தக் காது உளிவெட்டு மாதிரி. இது கழுத்தில் கிடந்தது, ஒரு ஆசாரி கை வைத்தது என்று அதுவே சொல்லிவிடும். அதில் நிறம் ஏற்றினால் அழகு அழகாகவே இருக்கும், ஆனால் எத்தனை கை மாறினாலும் அசல் டோனிங் என்று அட்டை எழுத முடியாது. எழுதினால் சிரிப்பார்கள்.

"காது வச்ச காசுக்கு எவண்ணே அந்த வெல குடுப்பான்?" என்றான்.

கொடுக்கவில்லைதான். இப்போது அவன் கடையில் நீலமும் ஊதாவுமாகக் காது வைத்த ரூபாய்கள் கறுப்புக் கயிற்றில் தொங்குகின்றன. கல்லூரிப் பெண்கள் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அங்கேயே செல்ஃபி எடுக்கிறார்கள். ஒன்றுக்கு நிற்பது கூலிக்குக் கொஞ்சம் மேல். நிறமேற்றும் வேலையை அவன் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டான், இனி நான் தேவையில்லை. முட்டை எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, காது இல்லாத ரூபாயும் கிடைக்கிறது. மகளுக்கு இரண்டாம் வருடக் கட்டணம் ஆடி முடிவதற்குள் கட்ட வேண்டுமாம். போன வாரம் போனபோது, நாலு நாளைக்கு மேலே பூண்டை மாற்ற வேண்டுமா என்று கேட்டான். எந்தக் காசுக்கு என்று நான் கேட்டேன். காது வைத்ததைக் காட்டினான்.